தளத்தைப் புதுப்பிக்கப் பல வழி. மூன்றாம் வருடம் அதை யார் பார்ப்பது?

ஒரு திறமூலத் திட்டத்தின் தளம் பழசாகிவிட்டது என்பதைப் பதிவிறக்கப் பக்கம்தான் முதலில் காட்டிக்கொடுக்கும். மூல நிரல் இருக்கும் ரெப்போவில் (களஞ்சியத்தில்) 4.2 பதிப்பு வெளிவந்து மூன்று வாரம் ஆகியிருக்கும்; முகப்பில் இன்னும் 4.0 தொங்கிக்கொண்டிருக்கும். மாற்ற வேண்டியது இரண்டு எண், ஒரு தேதி. ஆனால் கடவுச்சொல் ஒருவரிடம் மட்டும் இருக்கிறது, அவர் வீட்டில் இப்போது கைக்குழந்தை. இந்தக் கட்டத்தில்தான் யாராவது ‘தளத்தையே புதுசா பண்ணிடலாம்’ என்பார். அடுத்த வாரமே அழகான முகப்பு வடிவம் ஒன்று வந்து நிற்கும். வடிவம் நன்றாகவே இருக்கும். சிக்கல் வடிவத்தில் இல்லையே.

ஆகவே இந்த ஒப்பீட்டுக்கு அளவுகோல் ஒன்றுதான். தளத்தைக் கட்டியவர் விலகிப் போன பிறகு, நேற்றுச் சேர்ந்த ஒரு தன்னார்வலர் புது வெளியீட்டை அறிவிக்க எவ்வளவு நேரம் ஆகும், எத்தனை பேரைக் கெஞ்ச வேண்டும்? வேகம், நிறம், நவீனத் தோற்றம் எல்லாம் அதற்கு அடுத்துதான்.

கைக்கு அடக்கமாக ஒரு திட்டத்தை எடுத்துக்கொள்வோம். எட்டுப் பத்துத் தன்னார்வலர்கள், ஒரு டெஸ்க்டாப் மென்பொருள், 60 நிலையான பக்கங்கள், பத்து வருடத்தில் சேர்ந்த 300 செய்தி இடுகைகள், தமிழ் உட்பட ஐந்து மொழிகள். இப்போது தளம் ஓடுவது ஷேர்டு ஹோஸ்டிங்கில் (பலர் பகிரும் வாடகை சர்வரில்), உலாவியிலேயே பக்கம் எழுத உதவும் வேர்ட்பிரஸ் மென்பொருளில்.

வேர்ட்பிரஸிலேயே இருந்துவிடுவது

நிரலாளர்கள் கூடும் இடத்தில் இதைச் சொன்னாலே முகம் சுளிப்பார்கள். ஆனால் செய்தி எழுதுபவர்களும் மொழிபெயர்ப்பாளர்களும் நிரல் எழுதாதவர்களாக இருந்தால், இதைவிட நல்ல வழி எளிதில் கிடைக்காது. வரைவு, முன்னோட்டம், படம் ஏற்றுவது எல்லாம் உலாவியிலேயே முடிந்துவிடும். கோப்புகளின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் கருவியைக் கற்றுக்கொடுக்க வேண்டிய வேலையே இல்லை.

செலவு வேறு இடத்தில் இருக்கிறது. வேர்ட்பிரஸ் எழுதப்பட்ட பிஎச்பி மொழியின் பதிப்புகளுக்கு ஆயுள் உண்டு, 7.4க்கான பாதுகாப்பு ஆதரவு 2022 நவம்பரில் முடிந்தது. ஹோஸ்டிங் நிறுவனம் ஒரு நாள் பதிப்பை உயர்த்தும்போது, ஐந்து வருடமாக யாரும் தொடாத பிளக்இன் (கூடுதல் வசதி தரும் துணைநிரல்) ஒன்று வெள்ளைத் திரையைக் காட்டும். எனவே இங்கே புதுப்பிப்பு என்றால் முதல் வேலை தீம் (தோற்ற வார்ப்பு) மாற்றுவது இல்லை, பிளக்இன்களைக் குறைப்பது. பட்டியலை எடுத்து, ஒவ்வொன்றின் பக்கத்திலும் அது எதற்கு என்று ஒரு வரி எழுதுங்கள். எழுத முடியாததை நீக்குங்கள்.

பேஜ் பில்டர் வகைப் பிளக்இன்களின் பக்கமே போகாதீர்கள். பலவும் பக்கத்தின் உள்ளடக்கத்தைத் தங்கள் சொந்த ஷார்ட்கோடுகளாக (சதுர அடைப்புக்குறிக்குள் எழுதும் குறிச்சொற்களாக) சேமிக்கின்றன. பிளக்இன்னை எடுத்த அன்று பக்கம் முழுக்கச் சதுர அடைப்புக்குறிகள்தான் மிஞ்சும். 2018 டிசம்பரில் 5.0 பதிப்போடு வந்த பிளாக் எடிட்டரும் ஒரு பிளாக் தீமும் இந்த அளவு தளத்துக்குத் தாராளமாகப் போதும்.

வேர்ட்பிரஸ் உண்மையில் சறுக்கும் இடம் மொழிபெயர்ப்பு. பாலிலாங் போன்ற பிளக்இன்களில் ஒவ்வொரு மொழிப் பக்கமும் தனி இடுகை. ஆங்கில மூலத்தில் நிறுவும் முறை மாறிய பிறகும், தமிழ்ப் பக்கம் பழைய கட்டளையையே சொல்லிக்கொண்டிருக்கும். யாருக்கும் எச்சரிக்கை வராது. லினக்ஸ் வெளியீடான டெபியன் இதற்கு வெகு எளிய தீர்வு வைத்திருக்கிறது. ஒவ்வொரு மொழிபெயர்ப்புக் கோப்பின் தலையிலும், அது மூலத்தின் எந்த கிட் கமிட்டைப் (பதிந்த மாற்றத்தை) பார்த்து எழுதப்பட்டது என்று காட்டும் ஹேஷ் (அடையாளக் குறி) இருக்கும். மூலம் நகர்ந்துவிட்டால் மொழிபெயர்ப்பு பின்தங்கியது கணினிக்கே தெரிந்துவிடும். கோப்புகளாக வைத்தால் இந்த மாதிரி வசதி எளிதில் வரும்.

இரண்டுக்கும் நடுவே ஒரு வழி உண்டு. வேர்ட்பிரஸைக் கடவுச்சொல்லுக்குப் பின்னால் பூட்டி வைத்து, சிம்ப்ளி ஸ்டாட்டிக் போன்ற பிளக்இன் வழியாக எச்டிஎம்எல் பக்கங்களை மட்டும் வெளியே தள்ளுவது. வெளியாள் பிஎச்பியைத் தொடவே முடியாது. ஆனால் தேடல், பின்னூட்டம், தொடர்புப் படிவம் மூன்றும் செத்துவிடும். பூட்டிய அறைக்குள் இருக்கும் வேர்ட்பிரஸுக்கு அப்டேட் போடுவதும் யாரோ ஒருவர் தலையில்தான்.

ஹ்யூகோ வகையறா

ஹ்யூகோ போன்ற நிலைத்தள உருவாக்கிகளின் வழி இது: மார்க்டவுன் (எளிய குறிகளோடு எழுதும் உரை) கோப்புகளை கிட்டில் வைத்து, மாற்றம் சேரும்போதெல்லாம் முழுத் தளத்தையும் எச்டிஎம்எல்லாக உருவாக்கித் தள்ளுவது. ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளத் திட்டம் தன் தளத்தையும் ஆவணங்களையும் 2021 தொடக்கத்தில் ஹ்யூகோவுக்கு மாற்றியது. லினக்ஸ் டெஸ்க்டாப் திட்டமான கேடிஇயின் முதன்மைத் தளமும் ஹ்யூகோதான். படம் திருத்தும் மென்பொருளான ஜிம்பின் தளம் பைதானில் எழுதிய பெலிகனில் ஓடுகிறது.

முன்சொன்ன அளவுகோலில் இது ஜெயிக்கும் இடம் பதிவிறக்கப் பக்கம். பதிப்பு எண், தேதி, கோப்பின் பெயர், அளவு, எஸ்எச்ஏ-256 செக்சம் (கோப்பு பழுதில்லாமல் வந்ததா என்று சரிபார்க்கும் குறி) ஆகிய ஐந்தையும் ஒரே தரவுக் கோப்பில் எழுதிவிடலாம். முகப்பு, பதிவிறக்கப் பக்கம், ஐந்து மொழிகள், எல்லாம் அந்தக் கோப்பிலிருந்தே எண்ணை எடுத்துக்கொள்ளும். வெளியீட்டை உருவாக்கும் ஸ்கிரிப்டே அந்தக் கோப்பையும் மாற்றிவிட்டால் மனிதக் கை தேவையே இல்லை. ஜிம்ப் இன்னும் ஒரு படி மேலே போகிறது. பதிப்பு விவரங்கள் அடங்கிய ஜேசான் கோப்பு ஒன்று அதன் தளத்தில் இருக்கிறது. பயனர் கணினியில் நிறுவியிருக்கும் ஜிம்பே அதைப் படித்துத்தான் புதுப் பதிப்பு வந்ததா என்று சொல்கிறது. இதில் எச்சரிக்கையும் அடங்கியிருக்கிறது. உங்கள் மென்பொருள் தளத்தின் எந்த முகவரியையாவது உள்ளுக்குள் கூப்பிடுகிறதா என்று மூல நிரலில் தேடிப் பார்த்துவிட்டு அப்புறம் தளத்தில் கை வையுங்கள். ‘உதவி’ மெனுவில் இருக்கும் இணைப்புகளையும் சேர்த்துத்தான். பழைய பதிப்புகள் பல வருடம் பயனர் கணினிகளில் இருக்கும். அவற்றுக்குள் எழுதிய முகவரியை இனி திருத்த முடியாது.

இனி, வேர்ட்பிரஸிலிருந்து ஹ்யூகோவுக்கு மாறும்போது உடைபவை.

முதலில் முகவரி. ஆங்கில இடுகைகள் பெரும்பாலும் பிழைத்துவிடும், தமிழ் இடுகைகள்தான் மாட்டும். தமிழின் ஒவ்வொரு யூனிகோடு குறியும், எழுத்துகளைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் 3 பைட். முகவரியில் சதவீதக் குறியோடு எழுதினால் 9 எழுத்து. வேர்ட்பிரஸ் இடுகையின் முகவரிப் பெயருக்கு ஒதுக்குவது 200 எழுத்து. 200ஐ 9ஆல் வகுத்தால் 22 குறிதான். கொம்பு, கால், புள்ளி ஒவ்வொன்றும் தனிக் குறி என்பதால், ‘பதிவிறக்கம்’ என்ற ஒரே சொல் 11 குறியைச் சாப்பிட்டுவிடுகிறது. அதாவது இரண்டு நீளச் சொல்லிலேயே முகவரி வெட்டுப்படும், சில சமயம் மெய்யையும் அதன் புள்ளியையும் பிரித்தபடி. ஹ்யூகோவுக்கு இந்த எல்லை கிடையாது; கோப்பின் முழுப் பெயரிலிருந்து முகவரியை உருவாக்கும். ஆக வெட்டுப்பட்ட பழைய இணைப்பு ஒன்றும் பொருந்தாது. ஏற்றுமதிக் கோப்பில் இருக்கும் வெட்டுப்பட்ட பெயரை அப்படியே எடுத்து, ஒவ்வொரு மார்க்டவுன் கோப்பின் தலைப்பகுதியிலும் முகவரியாக எழுதிவிட வேண்டும். பிறகு பழைய சைட்மேப்பில் (தளத்தின் முகவரிப் பட்டியலில்) உள்ள எல்லா முகவரிகளையும் ஒரு கோப்பில் எடுத்து, கர்ல் கட்டளையால் சோதனைத் தளத்தில் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து, 404 (‘பக்கம் இல்லை’ என்ற பதில்) எத்தனை என்று எண்ணுங்கள்.

அடுத்தது செய்தியோடை (ஆர்எஸ்எஸ்). வேர்ட்பிரஸில் ஓடையின் முகவரி ஒன்று, ஹ்யூகோவில் வேறு. ஓடைகளைப் படித்துச் சேர்த்துத் தரும் திரட்டிகள் பழைய முகவரியைத்தான் தட்டும். ஹ்யூகோவின் ஏலியஸ் வசதி இங்கே உதவாது. அது ஓர் எச்டிஎம்எல் பக்கத்தை வைத்து உலாவியைத் திருப்பிவிடும் தந்திரம். ஓடை படிக்கும் நிரல்கள் எக்ஸ்எம்எல்லை எதிர்பார்த்து வருகின்றன, எச்டிஎம்எல்லைக் கண்டால் பிழை சொல்லிவிட்டுப் போய்விடும். சர்வர் தரும் உண்மையான 301 (‘நிரந்தரமாக இடம் மாறியது’ என்ற பதில்) வேண்டும். அதைச் செய்த பிறகும் ஒரு கூத்து பாக்கி. ஒவ்வொரு இடுகைக்கும் ஓடையில் ஓர் அடையாள எண் உண்டு. வேர்ட்பிரஸ் அதில் இடுகையின் உள் எண் கொண்ட முகவரியை எழுதும், ஹ்யூகோ பக்கத்தின் நிலையான முகவரியை எழுதும். அடையாளம் மாறியதும் படிப்பான்களுக்கு எல்லாமே புது இடுகை. போதாக்குறைக்கு ஹ்யூகோ, எல்லை சொல்லாவிட்டால், 300 இடுகையையும் ஓடையில் கொட்டும். பத்து வருடச் செய்தியெல்லாம் ஒரே காலையில் திரட்டியில் வந்து விழும். ஓடைக்கு 15 என்று எல்லை வைத்து, பழைய இடுகைகளுக்குப் பழைய அடையாளத்தையே டெம்ப்ளேட்டில் எழுத வைப்பது அரை மணி நேர வேலை.

மூன்றாவது, காலியான தளம். தீமை கிட் சப்மாட்யூலாக (வேறொரு ரெப்போவைச் சுட்டும் இணைப்பாக) சேர்த்திருப்பீர்கள். தானியங்கிப் பில்டு (தளத்தை உருவாக்கும் ஓட்டம்) ரெப்போவை எடுக்கும்போது சப்மாட்யூலை எடுக்கச் சொல்ல மறந்திருப்பீர்கள். ஹ்யூகோ டெம்ப்ளேட் கிடைக்கவில்லை என்று எச்சரிக்கை மட்டும் எழுதிவிட்டு வெற்றிகரமாக முடித்துக்கொள்ளும். பில்டு பச்சை நிறம், தளம் வெள்ளை நிறம். எச்சரிக்கை வந்தாலே பில்டை நிறுத்தும் ‘பேனிக் ஆன் வார்னிங்’ என்ற தேர்வு ஹ்யூகோவில் இருக்கிறது, போட்டுவிடுங்கள். சப்மாட்யூலே வேண்டாம், தீம் கோப்புகளை ரெப்போவுக்குள் நகலெடுத்துக்கொள்ளலாம் என்பது இன்னும் நல்ல முடிவு. வெளித் தீமின் ஆசிரியரும் உங்களைப் போல ஒரு தன்னார்வலர்தானே.

பதிப்பு எண்ணைப் பூட்டி வைப்பதும் கட்டாயம். ஹ்யூகோ 0.128இல் பக்கப் பிரிப்பு அமைப்பின் பெயர் மாறியது; 0.146இல் டெம்ப்ளேட் கோப்புறைகளின் அமைப்பே மாறியது. எப்போதும் சமீபத்தியது என்று விட்டுவைத்தால், யாரும் எதையும் தொடாத ஒரு செவ்வாய்க்கிழமை தளம் உடையும். பூட்டிய எண்ணை ரீட்மீ கோப்பில் எழுதி, வருடத்துக்கு ஒரு முறை உயர்த்தினால் போதும்.

நிரல் தெரியாத எழுத்தாளர்களுக்கு டெகாப் போன்ற உலாவி எடிட்டரைச் சேர்க்கலாம். அது நேராக கிட்டில் எழுதும். வேர்ட்பிரஸ் அளவு சுகம் இராது. ஒவ்வொருவருக்கும் கிட்ஹப் கணக்கும் வேண்டும். செய்தி எழுதுபவர் இருவர் என்றால், அவர்கள் அனுப்பும் எழுத்தை வேறொருவர் ரெப்போவில் போடுவதே எளிது.

எந்தக் கருவி என்ற சண்டையில் நிறைய நேரம் போக்க வேண்டாம். ஹ்யூகோ ஒற்றைக் கோப்பு, நிறுவுவது எளிது, பல மொழி வசதி உள்ளேயே இருக்கிறது. அதன் டெம்ப்ளேட் மொழி மட்டும் எரிச்சலூட்டும். ஜெக்கில் 2008இலிருந்து இருக்கிறது, ஆனால் அது எழுதப்பட்ட ரூபி மொழியின் ஜெம்களின் (துணைப் பொதிகளின்) பதிப்புச் சச்சரவு ஓயாது. ரூபி 3.0 வெப்ரிக் என்ற சின்ன சர்வரைக் கழற்றிவிட்டதும் ஜெக்கிலின் உள்ளூர் முன்னோட்டம் ஓடாமல் போனது நினைவிருக்கும். உங்கள் திட்டம் பைதானில் என்றால் பெலிகன் இயல்பாகப் பொருந்தும், பங்களிப்பாளர் கணினியில் பைதான் ஏற்கெனவே இருக்குமே. தேடல் பெட்டி வேண்டுமானால் பேஜ்ஃபைண்ட். பில்டு முடிந்த பின் அட்டவணையைத் தயாரித்துவிடும், தனி சர்வர் தேவையில்லை.

ஆவணக் கருவியையே தளமாக்குவது

உங்கள் மென்பொருள் ஒரு நிரலகமாக (மற்ற நிரல்கள் பயன்படுத்தும் லைப்ரரியாக) இருந்தால், வருபவர்கள் அதன் ஏபிஐ (அதை அழைக்கும் முறை) படிக்கத்தான் வருகிறார்கள். அப்போது ஸ்ஃபிங்ஸ், எம்கேடாக்ஸ், டாக்குசாரஸ் மூன்றில் ஒன்றே முழுத் தளமாகலாம். டெஸ்க்டாப் மென்பொருளுக்கு இது ஒத்துவராது. மென்பொருளின் திரைப்பிடிப்பைப் பார்த்துப் பதிவிறக்க வந்தவரை இடப்பக்க மெனுவில் நாற்பது தலைப்புகள் வரவேற்கும்.

மொழிபெயர்ப்பில் ஸ்ஃபிங்ஸ் மற்றவற்றைவிடப் பல படி மேல். ஒவ்வொரு பத்தியையும் கெட்டெக்ஸ்ட் என்ற மொழிபெயர்ப்பு முறை வழியாகப் பிஓ கோப்பாக்கிவிடும். அதை அப்படியே வெப்லேட் என்ற இணைய மொழிபெயர்ப்புக் கருவியில் ஏற்றலாம். மூலப் பத்தி மாறினால் மொழிபெயர்ப்பு தானாகவே ‘ஐயம்’ என்று குறிக்கப்படும். டாக்குசாரஸ் பார்க்க அழகு. ஆனால் புதிதாக நிறுவினாலே ஆயிரத்துக்கு மேல் என்பிஎம் (ஜாவாஸ்கிரிப்ட்) பொதிகள் இறங்கும், இரண்டு வருடம் கழித்து அவற்றின் பாதுகாப்பு எச்சரிக்கைகளைப் பார்க்க ஓர் ஆள் வேண்டும்.

எம்கேடாக்ஸில் தமிழ்த் தலைப்புகளுக்கு ஒரு பொறி இருக்கிறது. ஒவ்வொரு உபதலைப்புக்கும் அது தானாக ஒரு நங்கூரப் பெயர் (அந்தத் தலைப்புக்கே நேராகக் கொண்டுபோகும் இணைப்புப் பெயர்) வைக்கும். இயல்பு அமைப்பில் ஆஸ்கி (அடிப்படை ஆங்கில எழுத்து) அல்லாத எழுத்தெல்லாம் கழிக்கப்படும். தமிழ்த் தலைப்பில் எதுவுமே மிஞ்சாது. எனவே அடிக்கோடு 1, அடிக்கோடு 2 என்று வரிசை எண்தான் கிடைக்கும். நடுவில் ஒரு தலைப்பைச் சேர்த்தால் கீழே உள்ள எல்லா இணைப்புகளும் ஒரு படி நகர்ந்துவிடும். சரி, யூனிகோடு தேர்வை இயக்கினால்? பைதானின் வழக்கமான சுருங்குறித்தொடர் (ரெகெக்ஸ்) உயிர்மெய்க் குறிகளையும் புள்ளியையும் எழுத்தாகக் கணக்கில் எடுப்பதில்லை. ‘நிறுவுதல்’ என்பது ‘நறவதல’ ஆகிவிடும். ஒரே வழி, ஒவ்வொரு தலைப்பின் முடிவிலும் கையாலேயே ஆங்கில நங்கூரப் பெயரை எழுதிவிடுவது. எல்லா மொழிகளிலும் ஒரே நங்கூரம் என்பதால் மொழி மாற்றும்போதும் அதே இடத்தில் நிற்கலாம்.

சொந்தமாக எழுதுவது, விக்கி

பைதான் மொழியின் தளம் 2014இல் ஜாங்கோ என்ற வலைச் சட்டகத்தில் புதிதாக எழுதப்பட்டது. ஆர்ச் லினக்ஸ் தளமும் ஜாங்கோதான். இருவருக்கும் காரணம் உண்டு: பைதானில் வேலைவாய்ப்பு, நிகழ்வுகள்; ஆர்ச்சில் ஓயாமல் மாறும் பொதித் தரவுத்தளம். பைதானுக்குப் பின்னால் பணம் செலவழிக்க ஓர் அறக்கட்டளையும் இருக்கிறது. பயனர் உள்நுழைந்து செய்ய வேண்டிய வேலை உங்கள் தளத்தில் இல்லையென்றால், இந்த வழி மென்பொருளோடு இரண்டாவதாக இன்னொரு மென்பொருளைத் தத்தெடுப்பதுதான்.

விக்கிப்பீடியா ஓடும் மீடியாவிக்கி ஆவணங்களுக்கு நல்லது, முகப்புக்கு ஆகாது. கணக்குத் திறப்பைத் திறந்து வைத்தால் பங்களிப்பாளருக்கு முன் ஸ்பேம் வரும்.

முழுசாகவா, துண்டு துண்டாகவா

கருவியைவிட இந்தக் கேள்வி முக்கியம். டெபியன் 2020 டிசம்பரில் புது முகப்பை வெளியிட்டபோது, உள்ளே இருந்த ஆயிரக்கணக்கான பக்கங்களையும் பழைய டபிள்யூஎம்எல் கருவியையும் அன்றே தூக்கி எறியவில்லை. சிறிய குழுவுக்கும் அதே வழிதான் சரி. பதிவிறக்கப் பக்கம் முதலில், முகப்பு அடுத்து, பிறகு நிறுவல் வழிகாட்டி. ஒவ்வொன்றும் முடிந்த அன்றே வெளியே போக வேண்டும். ‘எல்லாம் முடிந்ததும் மாற்றலாம்’ என்று தனிக் கிளையில் வைத்த தளம் அந்தக் கிளையிலேயே கிடக்கும்.

பழைய 300 இடுகைகள்? ஒன்றுக்கு ஐந்து நிமிடம் கண்ணால் சரிபார்த்தாலும் 25 மணி நேரம். ஷார்ட்கோடு எச்சங்களும் ‘300x200’ என்று வால் முளைத்த சின்னப் படங்களும் அதில் கணிசமாக மாட்டும். பெரும்பாலான திட்டங்களுக்கு இந்த மாற்றமே தேவையில்லை. தளங்களை நகலெடுக்கும் டபிள்யூகெட் கட்டளையின் மிரர் தேர்வால் பழைய செய்திப் பகுதியை அப்படியே எச்டிஎம்எல்லாக உறைய வைத்து, அதே முகவரிகளில் புதுத் தளத்தோடு சேர்த்து வைத்துவிடலாம். தேடல் பெட்டியையும் பின்னூட்டப் படிவத்தையும் பக்கங்களிலிருந்து நீக்குவதற்கு முன் நகலெடுக்கக் கூடாது. கோப்புப் பெயர்களைக் கட்டுப்படுத்தும் தேர்வில் ‘நோகன்ட்ரோல்’ என்று கொடுக்க மறந்தால், தமிழ்ப் பெயர்களின் சில பைட்டுகளைக் கட்டுப்பாட்டு எழுத்து என்று நினைத்து டபிள்யூகெட் சிதைத்துவிடும். கடைசி 15 இடுகைகளை மட்டும் மார்க்டவுனாக மாற்றினால் ஓடையும் தொடரும்.

பதிவிறக்கப் பக்கத்தில் பயனரின் கணினியைக் கண்டுபிடித்து ஒற்றைப் பொத்தான் காட்டும் ஆசை எல்லா வடிவமைப்பாளருக்கும் வரும். ஆப்பிள் சிப் உள்ள மேக்கிலும் உலாவி தன்னை ‘இன்டெல் மேக்’ என்றே சொல்லிக்கொள்கிறது. விண்டோஸ் 11 தன்னை 10 என்கிறது. அந்தப் பொத்தான் தவறான கோப்பைக் கொடுத்து, ‘திறக்கவில்லை’ என்ற பிழைப் புகார்களைக் கொண்டுவரும். மேக்குக்கு இரண்டு பொத்தான்களையும் வெளிப்படையாக வையுங்கள். பொத்தானின் அகலத்தையும் பிக்சலில் பூட்டாதீர்கள். ‘டவுன்லோட்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு அளந்த பெட்டியில் ‘பதிவிறக்கு’ பிதுங்கும்.

ஆக, மேலே சொன்ன மாதிரித் திட்டத்துக்கு முடிவு: பூட்டிய பதிப்பில் ஹ்யூகோ, ஒரே தரவுக் கோப்பில் வெளியீட்டு விவரம், உறைய வைத்த பழைய செய்திகள், ஆவணங்களுக்குத் தனியாக ஸ்ஃபிங்ஸ். வாரம் ஒரு செய்தி எழுதும் நிரல் தெரியாத குழு இருந்தால் மட்டும் வேர்ட்பிரஸை வையுங்கள், அதுவும் செய்திக்கு மட்டும், தனி உபபெயரில் (சப்டொமைனில்).

எங்கே வைப்பது? கிட்ஹப் பேஜஸில் தளம் 1 ஜிபிக்குள், மாதப் போக்குவரத்து 100 ஜிபிக்குள் என்பது எல்லை. 301 எழுதும் வசதி கிடையாது. கிளவுட்ஃபிளேர் பேஜஸில் அந்த வசதி உண்டு, இலவசத் திட்டத்தில் 20,000 கோப்பு, ஒரு கோப்பு 25 எம்பி என்பது எல்லை. ஓடைக்கு 301 தேவைப்படும் நமக்கு இரண்டாவதோ, சொந்தமாக ஒரு சின்ன என்ஜின்எக்ஸ் சர்வரோதான் பொருந்தும். நிறுவல் கோப்புகளைத் தள ரெப்போவில் போடவே வேண்டாம்.

மாற்றும் நாளுக்கு முந்தைய நாளே டிஎன்எஸ்ஸின் டிடிஎல்லை (தளத்தின் முகவரிப் பதிவை மற்ற சர்வர்கள் நினைவில் வைத்திருக்கும் நேரத்தை) 86400இலிருந்து 300 நொடிக்குக் குறையுங்கள். நேம்சர்வரையே மாற்றுவதாக இருந்தால் மின்னஞ்சல் நம்பியிருக்கும் எம்எக்ஸ், டிஎக்ஸ்டி பதிவுகள் ஒவ்வொன்றையும் புது இடத்தில் முதலில் எழுதிவிட்டு மாற்றுங்கள். தளம் உடைந்தால் பத்து நிமிடத்தில் யாராவது சொல்வார்கள். மின்னஞ்சல் நின்றுபோனால் சொல்லவும் வழி இருக்காது. அதே கையோடு இணையப் பெயர் (டொமைன்) யார் பெயரில் பதிவாகியிருக்கிறது, புதுப்பிக்கும் தேதி எது, பணம் எந்த அட்டையிலிருந்து போகிறது என்று பாருங்கள். தனி ஒருவர் பெயரில் இருந்தால், திட்டங்களின் சொத்துகளை அவற்றின் சார்பில் வைத்திருக்க 1997இல் தொடங்கிய சாஃப்ட்வேர் இன் தி பப்ளிக் இன்ட்ரஸ்ட் போன்ற அமைப்புக்கு மாற்றக் கேட்டு எழுதலாம். பதில் வர நேரமாகும், ஆகவே தீம் பற்றிய விவாதம் தொடங்கும் முன்பே அந்தக் கடிதத்தை அனுப்பிவிடுங்கள்.